நியூரோ வார்டுக்குப் போன மகளுக்கு

கண்ணு,

பத்து நாளாக உன்னிடமிருந்து "சாப்பிட்டேன்மா", "தூக்கம் வருதும்மா" என்ற இரண்டு வரிதான் வருகிறது. போஸ்டிங் மாறினால் முதல் வாரம் அப்படித்தான் இருக்கும் என்று நானும் ஒன்றும் கேட்கவில்லை. மாடியில் ஓடு பதிக்கிற வேலை பாதியில் நிற்கிறது. பெரியத்தை விஷயம் ஒருவழியாக முடிந்தது, நேரில் சொல்கிறேன்.

மூளை, நரம்பு நோயாளிகள் இருக்கிற நியூரோ வார்டு, எலும்பு நோயாளிகள் இருக்கிற ஆர்த்தோ மாதிரி இருக்காது. ஆர்த்தோவில் எந்தக் கால், எவ்வளவு எடை ஊன்றலாம் என்று கேஸ் ஷீட்டிலேயே இருக்கும்; தப்பாகத் தொட்டால் நோயாளியே கத்திவிடுவார். பக்கவாதத்தில் அந்தக் கத்தல் வராது. அதிலும் மூளையின் வலது பக்கம் அடைப்பு வந்து இடது கை கால் விழுந்தவரிடம் ரொம்பக் கவனம் வேண்டும். பேச்சு தெளிவாக இருக்கும், "நானே எந்திச்சிருவேம்மா" என்பார். இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே பலருக்கு நினைவில் இருக்காது. சக்கர நாற்காலியை எடுக்க நீ திரும்புகிற நேரத்தில் அவர் எழுந்துவிடுவார்.

அதனால் அவரைத் தொடுவதற்கு முன்பே எல்லாம் தயாராக இருக்கட்டும். நாற்காலியை அவருடைய நல்ல பக்கத்தில், கட்டிலுக்கு 30 முதல் 45 டிகிரி சாய்வாகப் போடு. இரண்டு பிரேக்கையும் போட்டபின் கையால் ஒருமுறை தள்ளிப் பார். பழைய நாற்காலிகளில் ஒன்று பிடிக்கும், மற்றது சும்மா மடங்கும். கால் வைக்கிற தட்டை மடக்கிவிடு. யூரின் பேக்கைக் கட்டில் கம்பியிலிருந்து முதலில் கழற்று, ஆனால் அவர் இடுப்புக்கு மேலே தூக்காதே. அதை மறந்து எழுப்பினால் டியூப் இழுபட்டு ரத்தம் வரும்.

எழுப்பி உட்கார வைத்ததும் இரண்டு மூன்று நிமிடம் அப்படியே இருக்கட்டும். பாதம் தரையில் பதிய வேண்டும், கட்டில் உயரமென்றால் கீழே பலகை போடு. பல நாள் படுத்துக் கிடந்தவருக்கு ரத்தம் காலில் இறங்கிவிடும். எழுந்து உட்கார்ந்த மூன்று நிமிடத்துக்குள் பிரஷரில் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அன்றைக்கு நிற்க வைக்காதே. முகம் வெளுத்து, கொட்டாவி விட்டு, நெற்றி வேர்த்தால் கருவியைத் தேடி ஓடாமல் உடனே படுக்க வை.

நோயாளியைப் பிடித்து எழுப்ப இடுப்பில் கட்டுகிற பெல்ட் இல்லாத வார்டில் கெட்டியான துண்டை நீளமாக மடித்து இடுப்பில் கட்டிப் பிடி. குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இருக்கட்டும். அவர் மூக்கு கால்விரலுக்கு நேராக வருமளவு முன்னே சாய்ந்தால்தான் எழ முடியும். நேராக மேலே தூக்கப் பார்த்தால் உன் முதுகுதான் போகும். விழுந்த காலின் முழங்காலை உன் முழங்காலால் அணை கொடு. அந்தக் கையை, அக்குளை, ஒருநாளும் பிடித்து இழுக்காதே. தசை தளர்ந்த தோளில் கையின் எடையே மூட்டைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். ஒரு இழுப்பில் மூட்டு நழுவினால் மாதக்கணக்கில் வலி, கைப்பயிற்சிக்கே விடமாட்டார். கூட இருக்கிற சொந்தக்காரர்கள் பாசத்தில் அந்தக் கையைத்தான் இழுப்பார்கள், அவர்களுக்கும் சொல்லிக் கொடு.

பிரேக்கைத் தள்ளிப் பார்க்கச் சொன்னேனா? தள்ளிப் பார்.

முழங்கால் ஆபரேஷன் ஆன அந்தத் தாத்தாவைப் படியேற வைத்ததாக ஜூனில் சொன்னாயே, நல்ல கால் முதலில் மேலே, இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில் கீழே என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்ததாக. அதை அப்பா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். சந்தோஷத்தை உடனே சொல்கிறவள் மற்றதையும் சொல்லலாம்.

எவ்வளவு பார்த்துச் செய்தாலும் ஒருவர் விழலாம். விழுகிறவரை நிமிர்த்தி நிறுத்தப் போராடாதே, இரண்டு பேரும் விழுவீர்கள். உன் உடம்போடு அணைத்து, ஒரு காலை முன்னே வைத்து, தொடை வழியாக மெதுவாகத் தரையில் சறுக்க விடு, தலையை மட்டும் காப்பாற்று. விழுந்தவரை உடனே தூக்காதே. ஆள் கூப்பிடு. தலையில் அடியா, இடுப்பில் வலியா, ஒரு கால் குட்டையாகிப் பாதம் வெளியே திரும்பியிருக்கிறதா பார். டியூட்டி டாக்டர் பார்த்தபிறகுதான் தூக்க வேண்டும். பிறகு கேஸ் ஷீட்டில் நேரம் போட்டு, நடந்ததை நடந்தபடி எழுது.

நான் எழுதவில்லை. சர்வீஸில் மூன்றாவது வருடம், நைட் டியூட்டியில், என் கையிலிருந்து ஒரு பாட்டி சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். வலிக்கவில்லை என்றார். தூக்கிப் படுக்க வைத்தேன், யாரிடமும் சொல்லவில்லை. காலை ரவுண்ட்ஸில் இடுப்பெலும்பு முறிவு என்றார்கள். ராத்திரி ஆயா சரியாகப் பார்க்கவில்லை என்று அவளை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை. தீபாவளிக்கு நம் வீட்டிலிருந்து பேட்டைக்கு ஒரு சேலை போகிறதே, அது யாருக்கு என்று சின்ன வயதில் கேட்டுக்கொண்டே இருப்பாய். அவளுக்குத்தான். உன் அப்பாவுக்கும் தெரியாது.

உன் ரூம்காரியின் அம்மா புதன்கிழமை போன் செய்தாள். அவள் சொன்னதை நான் இங்கே எழுதவில்லை, நீயே சொல்வாய் என்று காத்திருக்கிறேன். திட்ட மாட்டேன். சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், வர வேண்டாம் என்று சொல்லாதே.

அதற்கு முன்னால் ஒன்றுக்கு மட்டும் பதில் போடு: அன்றைக்கே மேடத்திடம் சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுதினாயா? எழுதவில்லையென்றால் காலையில் போனதும் முதல் வேலையாக இன்றைய தேதி போட்டே எழுது, பழைய தேதி போடாதே.

அம்மா