டைசியும் எங்கள் லைன் அக்காவும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கப்பலேற வேண்டிய ஆர்டர் ஒன்று கழுத்தைப் பிடித்ததால் உடனே எழுத முடியவில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறார், உன்னையும் விசாரித்தார்.

நாடாளுமன்ற இறையாண்மையை, அதாவது சட்டம் இயற்றுவதில் நாடாளுமன்றத்துக்கு மேல் யாரும் இல்லை என்ற கொள்கையை, உன் வகுப்புப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று கேட்டிருந்தாய். எங்கள் தையல் லைனில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், கேள்.

போன மாதம் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள், நல்ல கைவேகம். காலையிலேயே அவள் பக்கம் பீஸ் குவிய ஆரம்பித்ததும், பக்கத்து மெஷின் அக்கா தைப்பதை நிறுத்தாமல், தலையைக்கூடத் திருப்பாமல், "மெதுவா தையி கண்ணு" என்றார். அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டுக்குள் அவளும் எல்லோருடைய வேகத்துக்கும் வந்துவிட்டாள். எனக்கு அந்த அக்காமேல் கோபம் வரவில்லை, ஏனென்றால் ஒருத்தி கூடத் தைத்தால் அடுத்த வாரம் எல்லோருக்கும் டார்கெட் ஏறும், அப்படி ஏற்றியதை நானே பார்த்திருக்கிறேன். சிகாகோ பக்கம் ஹாதோர்ன் தொழிற்சாலையில் 1931-32இல் 14 ஆண்களைத் தனி அறையில் வைத்துக் கவனித்தபோதும் இதேதான். குழுவின் உற்பத்தி கூடினால் கூலியும் கூடும் என்றிருந்தும், ஒரு நாளைக்கு இவ்வளவு போதும் என்று அவர்களே ஓர் அளவு வைத்துக்கொண்டார்கள், மீறுகிறவன் புஜத்தில் ஒரு குத்து விழும்.

டெலிபோன் கம்பெனித் தலைவராக இருந்த செஸ்டர் பார்னார்ட் 1938இல் இதைத்தான் எழுதினார்: ஓர் ஆணைக்கு அதிகாரம் கிடைப்பது அதைப் போடுகிறவரால் அல்ல, ஏற்றுக்கொள்கிறவரால்.

சரி, இப்போது பிரிட்டிஷ் சட்ட அறிஞர் டைசியை எடு. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் எந்தச் சட்டத்தையும் இயற்றலாம், நீக்கலாம், அதை ஒதுக்கிவைக்க யாருக்கும் உரிமையில்லை என்று 1885இல் எழுதியவர். அவரேதான் லெஸ்லி ஸ்டீஃபன் என்ற ஆங்கில எழுத்தாளரின் உதாரணத்தையும் எடுத்துச் சொல்கிறார். நீலக்கண் குழந்தைகளையெல்லாம் கொல்லச் சொல்லி நாடாளுமன்றம் சட்டம் போட்டால் அது சட்டம்தான், ஆனால் அப்படிப் போட உறுப்பினர்களுக்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும், அதற்குப் பணிய மக்கள் மடையர்களாக இருக்க வேண்டும். ஆக, நீதிமன்றம் இல்லாமலே இரண்டு வரம்பு இருக்கிறது, ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. நம் பிள்ளைகள், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்று நம் உச்ச நீதிமன்றம் சொன்ன கேசவானந்த பாரதி வழக்கில் தொடங்குவதால், 13 நீதிபதிகள் உட்கார்ந்து 7-6 என்று சொன்னால்தான் வரம்பு என்று நினைத்துவிடுகிறார்கள். அங்கேதான் அவர்கள் தடுமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

வெளியே இருக்கிற வரம்புக்கு, ஆப்பிரிக்காவின் ருவாண்டா விஷயத்தையும் சொல். புகலிடம் கேட்டு வந்தவர்களை அங்கே அனுப்பும் பிரிட்டிஷ் அரசின் திட்டம் சட்டவிரோதம் என்று 2023 நவம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றமோ 2024 ஏப்ரலில், ருவாண்டா பாதுகாப்பான நாடுதான் என்று சட்டமே இயற்றிவிட்டது. ஜூலையில் தேர்தல், ஆட்சி மாறியது, திட்டத்தையே கைவிட்டார்கள். கட்டாயப்படுத்தி ஒருவரைக்கூட அங்கே அனுப்பவில்லை.

அப்புறம், ஆறு மாதத்துக்கு டார்கெட்டை ஏற்றுவதில்லை என்று எழுத்தில் தரும்படி நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. கிடைத்தால் அதை முதலில் அந்த அக்காவிடம்தான் காட்டுவேன். நீ வகுப்பில் நீலக்கண் உதாரணத்தைச் சொல்லிவிட்டு, பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்
திருப்பூர்