புவியியலை நம்ம ஊர் நிலத்திலேயே நடத்துங்கள்: இரு மாவட்டங்களின் முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கு ஒரு மடல்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் முதன்மைக் கல்வி அலுவலர்கள் இருவருக்கும் வணக்கம்.

நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவன் நான். பென்னாகரம் பக்கம். இப்போது மாலையில் தெருப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் சொல்லித் தருகிறேன். பீடபூமி என்றால் என்ன என்று கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார்கள். உதாரணம் கேட்டால் திபெத். சரி, நீ இப்போது நிற்பது எதன் மேல் என்றால் முழிக்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். காட்டாததை எப்படிப் பார்ப்பார்கள்?

ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை, பிள்ளைகளைச் செய்யவைக்கும் புவியியல் செயல்பாடுகளை இந்த இரண்டு மாவட்ட நிலத்தை வைத்தே செய்யலாம் என்று நீங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். என் கோரிக்கை அவ்வளவுதான். சார்ட் அட்டையில் எரிமலை வரைந்து ஒட்டுவதை ஒரு வருடம் நிறுத்தி வைத்தால் குடி முழுகிவிடாது.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். கிருஷ்ணகிரி 500 மீட்டரை ஒட்டி. சூளகிரி தாண்டி மேலுமலையில் பஸ் இறங்கும்போதே காது அடைக்கும், காற்றும் மாறும். மேலே ரோஜாவும் முட்டைக்கோசும், கீழே மாந்தோப்பு. உயரம் கூடினால் வெப்பம் குறையும் என்ற ஒரு வரிப் பாடம், ஐம்பது கிலோமீட்டருக்குள் பயிராகவே விளைந்து நிற்கிறது. தர்மபுரியிலிருந்து தெற்கே போனால் தொப்பூர்க் கணவாய். அங்கே ஏன் இத்தனை விபத்து என்று பிள்ளைகளையே யோசிக்கச் சொல்லுங்கள். சரிவையும் வளைவையும் நிலத்தோற்ற வரைபடத்தில் பார்க்க வேண்டும். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் நெருங்கி நெருங்கி வரும் செங்குத்தான இடத்தில்தான் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரி பிரேக் பிடிக்காமல் போகிறது. அந்தக் கோடுகள் எதற்கு என்று அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு மிகப் பிடித்தது நீர்ப்பிரி மேடு. பாலக்கோடு பக்கத்துச் சின்னாறும், பென்னாகரம் பக்கத்து நாகாவதியும் காவிரிக்குப் போகின்றன. அரூர் பக்கத்து வாணியாறு தென்பெண்ணையில் சேர்கிறது. ஒரே மாவட்டத்தில் பெய்த மழைதான். ஒரு பங்கு மேட்டூர் அணையைத் தொட்டு டெல்டா வரை போகிறது. இன்னொரு பங்கு சாத்தனூர் அணை வழியாகக் கடலூர்ப் பக்கம் கடலுக்குப் போகிறது. நடுவில் எங்கோ ஒரு மேடு இதைப் பிரித்துவிடுகிறது. உங்கள் பள்ளி மைதானத்தில் விழும் தண்ணீர் எந்தக் கால்வாயில் இறங்கி, எந்த ஏரி நிரம்பி, எந்த ஆற்றுக்குப் போகிறது? மழை நின்ற மறுநாள் நடந்தே பார்த்துவிடலாம். வழியில் தூர்ந்த வாய்க்காலும் அதன் மேல் முளைத்த கட்டடமும் கண்ணில் படும். அது பாடத்திட்டத்தில் இல்லை என்று ஆசிரியர் தயங்கலாம், எனக்குப் புரிகிறது.

ஏன் சொல்கிறேன் என்றால், 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது புதுச்சேரி அருகே. கடலே பார்க்காத ஊரில், சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அன்று அதைப் பார்த்த பிள்ளைக்குப் 'புயல் கடலோரத்தைத் தாக்கும்' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர முடியுமா?

அப்புறம் பாறை. நம் காலடியில் இருப்பது பழைய கடினப் பாறை. அதன் விரிசலிலும் சிதைந்த மேலடுக்கிலும்தான் நிலத்தடி நீர் நிற்கும். அதனால்தான் ஒருவர் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் வரும், பக்கத்து வயலில் புழுதி பறக்கும். அந்தப் பாறைக் கனிமங்களிலிருந்தே ஃபுளோரைடும் நீரில் கரைந்து வருகிறது. அது மிகுந்த நீரைக் குடித்து வளர்ந்து, பற்களில் காவி படிந்த பெரியவர்கள் பல ஊர்களில் உண்டு. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியதற்குக் காரணமே இதுதான்.

மனிதப் புவியியலுக்கும் தூரம் போக வேண்டாம். மக்களடர்த்தி என்பது வெறும் சராசரி என்று புரிய, ஓசூரையும் அஞ்செட்டிக் காட்டுக் கிராமத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். இடப்பெயர்வில் உந்தும் காரணி, இழுக்கும் காரணி என்று இரண்டு படிக்கிறார்கள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போன அண்ணனையோ சித்தப்பாவையோ கேட்டால் இரண்டையும் சொல்லிவிடுவார். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே சந்தையில் கேட்கும் ஊர் நம்முடையது.

இதற்குச் செலவு பெரிதாக இல்லை. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடம் இணையத்தில் கிடைக்கிறது. கிராம வரைபடத்தை வருவாய்த் துறையிடமிருந்து பள்ளிகளுக்கு வாங்கித் தர உங்கள் கடிதம் ஒன்று போதும். மாணவர்களை வெளியே கூட்டிப்போக அரை நாள் அனுமதியை, ஒவ்வொரு முறையும் மேலே கேட்டு நிற்காமல், தலைமையாசிரியரே தரும்படி செய்யுங்கள். ஆர்வம் உள்ள ஆசிரியரும் அந்தக் கோப்பிலேயே சோர்ந்துபோகிறார்.

முதலில் எப்போது தொடங்கலாம் என்றால், ஆகஸ்ட் 20-ஐ ஒட்டிய நாட்களில். நம் அட்சரேகை 12 டிகிரிக்குச் சற்று மேல். அந்த நாட்களில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நட்ட கம்புக்கு நிழல் இருக்காது. அதுவும் சரியாக 12 மணிக்கு அல்ல, சுமார் 12.20-க்கு. கடிகாரம் 82½ டிகிரி தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது, நாம் அதற்கு நாலு டிகிரிக்கும் மேல் மேற்கே இருக்கிறோம். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் ஒரு கம்பில் முடிந்துவிடும்.

பென்னாகரம், பாலக்கோடு பக்கம் எந்த அரசுப் பள்ளியைக் காட்டினாலும் கம்பும் தூக்குக் குண்டும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். வானம் மூடியிருந்தால் மறுநாளும் வருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர்,
பென்னாகரம் வட்டம்