உங்கள் வழக்கில் நீங்களே வாக்களிக்காதீர்கள்

ஐ.நா. பாதுகாப்பு அவையின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களான அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகியோருக்கு, வணக்கம்.

பின்னணி எல்லாம் உங்களுக்குத் தெரியும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வாக்கெடுப்புகளின் கணக்கை ஒரே தாளில் எழுதி முன்னால் வைத்திருக்கிறேன். 1986 அக்டோபர் 28: ஆதரவு 11, எதிர்ப்பு 1, விலகியவர்கள் 3. 2022 பிப்ரவரி 25: ஆதரவு 11, எதிர்ப்பு 1, விலகியவர்கள் 3. இடையில் 35 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன, ஒரு எண்கூட மாறவில்லை.

முதலாவது நிகரகுவாவின் முறையீடு. அந்த நாட்டுத் துறைமுகங்களில் கண்ணிவெடி வைத்ததும், அதன் அரசை எதிர்த்த ஆயுதக் குழுவுக்குப் பயிற்சியும் பணமும் கொடுத்ததும் சட்டமீறல் என்று அந்த ஆண்டு ஜூன் மாதம் சர்வதேச நீதிமன்றம் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லுங்கள் என்று நிகரகுவா உங்கள் அவைக்கு வந்தது. எதிர்த்து விழுந்த ஒரே வாக்கு அமெரிக்காவுடையது. நிரந்தர உறுப்பினர் ஒருவரின் எதிர்ப்பு வாக்கே தீர்மானத்தைத் தோற்கடித்துவிடும், அதுதான் வீட்டோ. இரண்டாவது, ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்த மறுநாள், அதைக் கண்டித்து வந்த தீர்மானம். அந்த மாதம் அவைத் தலைமை ரஷ்யாவிடம். நான் அந்தக் காணொளியைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஆதரிப்பவர்கள் யார் என்று தலைவர் கேட்கிறார், கைகள் உயர்கின்றன. எதிர்ப்பவர்கள் யார் என்று கேட்டுவிட்டு அவரே கையை உயர்த்துகிறார். அப்புறம், நிரந்தர உறுப்பினர் ஒருவர் எதிர்த்ததால் தீர்மானம் நிறைவேறவில்லை என்று அவரே அறிவிக்கிறார். எவ்வளவு சாதாரணமாக நடந்து முடிந்தது! அடுத்த மூன்று வாரத்துக்குள், படை நடவடிக்கையை நிறுத்து என்று சர்வதேச நீதிமன்றம் 13-க்கு 2 என்ற கணக்கில் ஆணையிட்டது. போர் நிற்கவில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். உங்கள் நாட்டின் மேல் வரும் புகாரில் நீங்கள் வாக்களிக்காதீர்கள்.

சர்வதேசச் சட்டமே வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். 1944-இல் சிகாகோவில் எழுதிய ஒப்பந்தத்தை நம்பித்தான் இன்றும் ஒரு விமானம் ஐந்தாறு நாடுகளின் வானத்தைக் கடந்து இறங்குகிறது. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் மாண்ட்ரியாலில் போட்ட உடன்படிக்கையில் உலகத்து நாடுகள் அத்தனையும் சேர்ந்தன, சொன்னபடி நடந்தும் காட்டின. ஆக, சட்டத்துக்குக் கை எட்டாமல் இல்லை. உங்கள் ஐந்து பேரின் வாசலுக்கு வரும்போதுதான் அந்தக் கை மடங்கிவிடுகிறது.

நீதிமன்றம் சொல்லியும் நிறைவேறாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே ஒரு இடத்தைச் சொல்கிறேன். 1993 ஏப்ரல் 8 அன்று, இனப்படுகொலையைத் தடுக்க உன்னால் ஆன எல்லாவற்றையும் செய் என்று சர்வதேச நீதிமன்றம் அன்றைய யூகோஸ்லாவியாவுக்கு ஆணையிட்டது. எட்டாம் நாள் உங்கள் அவை போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா நகரைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. செப்டம்பரில் நீதிமன்றம், முன்பு சொன்னதை உடனே செய் என்று இன்னொரு முறை சொன்னது. 1995 ஜூலையில் அதே ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000-க்கும் மேற்பட்ட ஆண்களையும் சிறுவர்களையும் போஸ்னிய செர்பியப் படையினர் கொன்றார்கள். கொன்றதை மறைக்க, புதைத்த உடல்களை இயந்திரங்களால் தோண்டி எடுத்து வேறு வேறு குழிகளில் கொட்டினார்கள். அதனால் ஒரே ஆளின் எலும்புகள் இரண்டு மூன்று இடங்களில் கிடைத்தன. மரபணுச் சோதனையில் கிடைத்தவரை போதும் என்று பிள்ளையை அடக்கம் செய்துவிட்ட தாய்க்குச் சில ஆண்டுகள் கழித்து, இன்னும் கொஞ்சம் கிடைத்திருக்கிறது என்று தகவல் வரும். மூடிய குழியைத் திறந்து அதையும் சேர்த்து வைக்க வேண்டும். ஒவ்வொரு ஜூலை 11 அன்றும் பொட்டோச்சாரி கல்லறைத் தோட்டத்தில், பச்சைத் துணி போர்த்திய பெட்டிகள், அந்த ஆண்டு அடையாளம் தெரிந்தவர்களுடையவை, தோள்மேல் தோளாகக் கைமாறிப் போகின்றன. அந்த யூகோஸ்லாவியாவின் இடத்துக்கு வந்த செர்பியா இனப்படுகொலையைத் தடுக்கத் தவறியது, நீதிமன்றத்தின் இடைக்கால ஆணைகளையும் மீறியது என்ற தீர்ப்பு 2007 பிப்ரவரியில் வந்தது. ஆணைக்கும் தீர்ப்புக்கும் நடுவில் ஏறக்குறைய 14 ஆண்டுகள். ஆணை சரியாகத்தான் இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் வலுவாக நிற்க ஆள் இல்லை.

அந்த ஆள் நீங்கள்தான். சர்வதேச நீதிமன்றத்தில் 15 நீதிபதிகள் இருக்கிறார்கள், ஒரு காவலர்கூடக் கிடையாது. தீர்ப்பை மதிக்காதவரைப் பற்றி முறையிட வேண்டிய இடம் உங்கள் அவை என்று ஐ.நா. சாசனத்தின் 94-ஆம் பிரிவு சொல்கிறது. அங்கே வந்து பார்த்தால், யார் மேல் முறையீடோ அவரே மேசையில் உட்கார்ந்து கையை உயர்த்துகிறார். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

இதில் எனக்கு ஆற்றாமையே, தகராறில் ஒரு தரப்பாக இருப்பவர் வாக்களிக்கக் கூடாது என்ற விதி சாசனத்தில் ஏற்கெனவே இருப்பதுதான். 27-ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள். ஆனால் சமரசம் பேசும் ஆறாம் அத்தியாயத்துக்குப் பொருந்தும் அந்த விதி, நடவடிக்கை எடுக்கும் ஏழாம் அத்தியாயத்துக்குப் பொருந்தாது. அதாவது பேச்சோடு முடியும் விஷயத்தில் ஒதுங்கி நிற்பீர்கள், செயல் என்று வந்தால் நிற்கமாட்டீர்கள். 1945-இல் சான் பிரான்சிஸ்கோவில் சிறிய நாடுகள் இதைத்தான் எதிர்த்தன. வீட்டோ இல்லையென்றால் சாசனமே இல்லை என்று அன்று சொன்னீர்கள், வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். சாசனத்தை மறுபரிசீலனை செய்ய ஒரு மாநாடு கூட்டலாம் என்று 109-ஆம் பிரிவு நம்பிக்கை கொடுத்தது. தகுந்த நேரத்தில் கூட்டலாம் என்று 1955-இல் பொதுச்சபை தீர்மானமும் போட்டது. அந்தத் தகுந்த நேரம் இன்னும் வரவேயில்லை. 193 நாடுகள் காத்திருக்கின்றன, பொறுமைக்கும் ஓர் அளவு இல்லையா?

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். நட்பு நாட்டுக்காக நீங்கள் போடும் வீட்டோ இதைவிடப் பெரிய பேச்சு, அதற்குள் இன்று போகவில்லை. கேட்டதற்கே திரும்பி வருகிறேன்.

இதற்குச் சாசனத்தைத் திருத்த வேண்டியதில்லை. பெருங்கொடுமைகள் நடக்கும்போது வீட்டோவைத் தாங்களாகவே நிறுத்திவைக்கலாம் என்று உங்களில் ஒருவரான பிரான்ஸ்தான் முன்பு யோசனை சொன்னது. பிரிட்டனும் பிரான்சும் 1989-க்குப் பிறகு வீட்டோவைப் பயன்படுத்தவே இல்லை, அதனால் அவர்களுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. 2022 ஏப்ரலிலிருந்து, வீட்டோ விழுந்தால் பத்து வேலை நாட்களுக்குள் பொதுச்சபை கூடி அதைப் பற்றி விவாதிக்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் கை உயர்ந்து முடிந்த பிறகு நடப்பது அது.

எனவே தயவுசெய்து, ஐந்து பேரும் சேர்ந்தோ தனித்தனியாகவோ, ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: எங்கள் நாடு ஒரு தரப்பாக இருக்கும் விவகாரத்தில், எந்த அத்தியாயத்தின் கீழ் வந்தாலும், நாங்கள் வாக்களிக்கமாட்டோம். அடுத்து அப்படி ஒரு தீர்மானம் வரும்போது உங்கள் தரப்பைத் தாராளமாகப் பேசுங்கள், நாங்களும் கேட்கிறோம். எண்ணிக்கை தொடங்கும்போது மட்டும் கையை மேசைமேலேயே வைத்திருங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
193 நாடுகளில் ஒன்றின் குடிமகன்