காரணம் சொல்லாத பேய்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலப் பேய்க்கதைகள் திரைக்கு வந்த விதம் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் எம்.ஆர். ஜேம்ஸின் 'நீ விசிலடி, நான் வருகிறேன்' கதையைப் பற்றிய பத்தி மட்டும் உறுத்துகிறது. மூலக்கதையில் பேய் வருவதற்குக் காரணமே இல்லை, 2010-ல் பிபிசி எடுத்த படம் அந்தக் குறையைச் சரிசெய்துவிட்டது என்கிறார் கட்டுரையாளர். அது குறையே இல்லை என்பது என் கட்சி.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. 1904-ல் வந்த ஜேம்ஸின் முதல் தொகுப்பில் இது இருக்கிறது. பார்க்கின்ஸ் என்ற இளம் பேராசிரியருக்குப் பேய் என்ற பேச்சே ஆகாது. கால்ஃப் ஆடுவதற்காக இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில் பர்ன்ஸ்டோ என்ற ஊருக்குப் போகிறார். (ஃபீலிக்ஸ்டோ என்ற நிஜ ஊரைத்தான் ஜேம்ஸ் பெயர் மாற்றி எழுதினார்.) விடுதியில் கிடைத்தது இரண்டு கட்டில் போட்ட அறை. டெம்ப்ளர் வீரத்துறவிகளின் பழைய இடிபாட்டைக் கிளறும்போது ஒரு வெண்கல விசில் கையில் சிக்குகிறது. 'இதோ வருகிறானே, யார் இவன்?' என்று அதில் லத்தீனில் பொறித்திருக்கிறது. மனுஷன் சும்மா இருப்பாரா? ஊதிப் பார்க்கிறார்.

மறுநாள் காலை பணிப்பெண் வந்து, கூடுதல் கம்பளியை எந்தக் கட்டிலில் போடட்டும் என்று கேட்கிறாள். நான் படுத்த கட்டிலில்தான் என்கிறார் இவர். நீங்கள் இரண்டிலும் படுத்துப் பார்த்தீர்கள் போலிருக்கிறதே, இரண்டையும்தானே காலையில் சரிசெய்தோம் என்கிறாள் அவள். அவ்வளவுதான். கம்பளியைப் பற்றிய பேச்சு, பேயைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இந்த நாலு வரிக்கு ஈடான திகில் காட்சியை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

கடைசியில் அந்தக் காலிக் கட்டிலிலிருந்து ஓர் உருவம் எழுந்து உட்காருகிறது. கட்டில் விரிப்புதான் அதற்கு உடம்பு, கசங்கிய துணிதான் முகம். கட்டுரையாளர் கவனிக்காமல் விட்ட விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது: அதற்குக் கண் தெரிவதாகத் தோன்றவில்லை. பார்க்கின்ஸ் எழுந்தோடிய கட்டிலின் மேல் பாய்ந்து, தலையணைகளைத் தடவிப் பார்க்கிறது. அவர் நல்லவரா கெட்டவரா, என்ன பாவம் செய்தார் என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. விசில் கேட்டது, வந்துவிட்டது. பழைய பகை, நிறைவேறாத ஆசை என்று ஏதாவது இருந்தால் பேசியோ பரிகாரம் செய்தோ அனுப்பிவிடலாம். இதனிடம் என்ன பேசுவது? அதே விடுதியில் தங்கியிருந்து அவரைக் காப்பாற்றிய கர்னல்கூடப் பிற்பாடு, அதைக் கட்டிப் பிடித்திருந்தால் பெரிதாக ஒன்றும் செய்திருக்காது, பயமுறுத்துவது மட்டும்தான் அதற்குத் தெரிந்தது என்று கருதுகிறார்.

1968-ல் ஜோனதன் மில்லர் இதைப் பிபிசிக்குக் கறுப்பு வெள்ளையில் எடுத்தபோது தாராளமாகவே மாற்றினார். இளைஞர் போய், தனக்குள் முணுமுணுத்துக்கொண்டே திரியும் நடுவயதுக்காரராக மைக்கேல் ஹார்டர்ன் வந்தார். டெம்ப்ளர்களும் போய்விட்டார்கள், கல்லறைத் தோட்டம் ஒன்று வந்தது. எல்லாமே அந்த மனிதரின் மனக்கோளாறுதானோ என்ற சந்தேகத்தையும் மில்லர் உள்ளே விட்டார். மருத்துவம் படித்தவர் அல்லவா! இதனால் ஜேம்ஸின் ரசிகர்கள் சிலருக்கு அந்தப் படம் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். வந்தது யார், ஏன் வந்தது என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. கந்தல் துணி ஒன்று மெதுவாக அலைகிறது, ஹார்டர்ன் குழந்தையைப் போல முனகுகிறார், படம் முடிந்துவிடுகிறது.

சரி, 2010-க்கு வருவோம். ஜான் ஹர்ட் பிரமாதமான நடிகர், அதில் சந்தேகமே வேண்டாம். மறதிநோய் முற்றிய மனைவியைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, இருவரும் முன்பு போன கடற்கரைக்குத் தனியாக வரும் முதியவர் அவர். விசிலுக்குப் பதில் மோதிரம். வருவது மனைவியின் உருவம், கணவரின் குற்றவுணர்வு. பார்த்துவிட்டு மனம் கனத்துப்போனது உண்மை. ஆனால் அது துக்கம், பயம் அல்ல. நம்மை விட்டுப் போனவர்கள் திரும்பி வந்து நம்மிடம் கணக்குக் கேட்பது நல்ல நாடகம்தான். ஜேம்ஸ் எழுதியது அது இல்லை. தலைப்பையும் கடற்கரையையும் கடன் வாங்கிய வேறு கதை என்று சொல்லியிருந்தால் எனக்கு வழக்கே இல்லை, மேம்படுத்தியது என்றால்தான் கோபம் வருகிறது.

ஜேம்ஸே 1911-ல் தன் இரண்டாவது தொகுப்பின் முன்னுரையில் இதைத் தொட்டிருக்கிறார். உதவி செய்யும் சாதுவான பேய்கள் தேவதைக் கதைகளுக்கு ஆகும், தன் கதைகளுக்கு ஆகாது, பேய் என்றால் கெடுதலானதாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதே தொகுப்பிலுள்ள ஒரு கதையை 1957-ல் ஜாக் டூர்னர் 'நைட் ஆஃப் தி டீமன்' என்று படமாக்கினார். இயக்குநருக்கு இஷ்டமில்லாமலே தயாரிப்பாளர் அதில் பூதத்தை முழுசாகக் காட்டிவைத்தார். அங்கே உருவத்தைக் காட்டிக் கெடுத்தார்கள், இங்கே காரணத்தைக் காட்டிக் கெடுத்தார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒரு வேண்டுகோள். ஜேம்ஸ் 1936-ல் காலமானவர், நம் நாட்டில் அவர் கதைகளுக்கான உரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டும் வழக்கம் அவருக்கு இருந்தது. வரும் டிசம்பர் இதழில் இந்தக் கதையைச் சுருக்காமல் முழுசாக மொழிபெயர்த்துப் போடுங்கள். கூடவே முதல் பதிப்பில் அவருடைய நண்பர் ஜேம்ஸ் மெக்பிரைட் வரைந்த படங்களையும் போடலாம். புத்தகத்துக்கு நாலு படம் முடித்த நிலையில் இறந்துபோனவர் அவர், அதில் இரண்டு இந்தக் கதைக்கானவை. உங்கள் ஓவியரே வரைவதானால், தயவுசெய்து அந்தத் துணிக்கு மூக்கும் முழியும் வைத்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
தஞ்சாவூர்.