அந்தச் சத்தத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான பழைய பந்தயக் கார்கள் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கட்டுரையாளர் உண்மையான அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. விலைமதிப்பில்லாத அந்த வண்டிகளைத் திருவிழாக்களில் ஓட்டி உடைக்க வேண்டாம், அருங்காட்சியகத்தில் பத்திரமாக நிறுத்தினால் வரும் தலைமுறையும் கண்ணாரப் பார்க்கும் என்கிறார். அந்தக் 'கண்ணார' என்ற இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். என் அண்ணனுக்குக் கண் தெரியாது.

பிறவியிலேயே அப்படியில்லை. விழித்திரை நோய் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு போனது. சிறுவயதில் பந்தயக் கார் படங்களை வெட்டி நோட்டில் ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் எத்தனை சிலிண்டர், எத்தனை குதிரைத்திறன் என்று எழுதிவைப்பார். முப்பது வயதுக்குள் அந்த நோட்டு அவருக்கு வெறும் தாளாகிவிட்டது. படங்கள்தான் போயின, கார்கள் மேலிருந்த பைத்தியம் போகவில்லை.

2015 ஜூனில் அவரை இங்கிலாந்தின் குட்வுட் வேகத் திருவிழாவுக்கு அழைத்துப் போனேன். தெற்கே சசெக்ஸ் பகுதியில் ஒரு பிரபு குடும்பத்தின் மாளிகை. அதன் வாசல் வழியாகப் போகும் 1.86 கிலோமீட்டர் பாதையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேட்டில் ஏறும். 1993-ல் தொடங்கிய விழா. நூறு வயதைக் கடந்த கார்களும் ஃபார்முலா 1 கார்களும் ஒரே நாளில், ஒரே பாதையில் ஓடும். பாதையோரம் வைக்கோல் கட்டுகள், அதற்கு இப்பால் புல்தரை, அங்கே மக்கள். பார்க்க முடியாதவரை இவ்வளவு தூரம் கூட்டிப்போய் என்ன செய்வது என்று கிளம்பும்வரை எனக்குள் ஒரு தயக்கம் இருந்தது. அவரிடம் சொல்லவில்லை.

நுழைந்ததும் மாளிகை முன்னால் வானளாவிய ஒரு சிற்பம். அந்த ஆண்டு அது மஸ்டா நிறுவனத்தைச் சிறப்பிப்பதற்காக. 1991-ல் பிரான்ஸின் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற 787பி ரகக் காரைத் தூக்கி உச்சியில் வைத்திருந்தார்கள். நான் நிறம், உயரம், வளைவு எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வந்தேன். "சரிம்மா" என்று கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான். பிறகு, ரோட்டரி இன்ஜின் வைத்த பழைய லெமான் மஸ்டா ஒன்று மேடேறிப் போனபோது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிஸ்டன் மேலும் கீழும் போகிற இன்ஜின் இல்லை அது. முக்கோண வடிவச் சுழலிகள் சுற்றுகிற இன்ஜின். அதன் சத்தத்தில் துடிப்பே பிரிந்து கேட்காது, ஒரே இழுப்பாகக் கிழித்துக்கொண்டு போகும். "மேல நிக்குதுன்னு சொன்னியே, அந்தக் குடும்பம் இதுதான்" என்றார். உச்சியில் நின்ற கார் அப்போதுதான் அவருக்குக் கிடைத்தது.

மோல்கோம் என்ற இடதுபுற வளைவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். மேட்டைத் தாண்டி வேகமாக வரும் ஓட்டுநருக்கு வளைவு கடைசி நொடிவரை கண்ணில் படாது. தவறவிட்டால் நேராக வைக்கோலில்தான். அண்ணனுக்கு அந்த இடம் அமிர்தமாக இருந்தது. வண்டி கண்ணுக்குத் தெரியும் முன்பே அவர் பேசத் தொடங்கிவிடுவார். "வி12... காலை எடுக்கல, எடுக்கல... இப்ப எடுத்துட்டான். இவனுக்குப் பாதை தெரியும்." (வி12 என்றால் பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜின்; காலை எடுப்பது ஆக்சிலரேட்டரிலிருந்து.) அடுத்ததற்கு, "இவர் பயப்படறார், வண்டி அவரோடதா இருக்கும், சொந்தக் காசு." கியர் குறைக்கும்போது இன்ஜின் ஒருமுறை உறுமி இறங்குவதை விரல்விட்டு எண்ணினார். நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்ததெல்லாம் ஒரு நிறக்கீற்று. வண்டிக்குள் என்ன நடந்தது என்பதை அவர்தான் எனக்குச் சொன்னார்.

கட்டுரையில் எழுதாமல் விட்ட ஒரு கணக்கு உண்டு. நான்கு வீச்சு (ஃபோர்-ஸ்ட்ரோக்) இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிபொருள் வெடிக்கும். 2005 வரை ஃபார்முலா 1-ல் ஓடிய மூன்று லிட்டர் வி10 இன்ஜின் நிமிடத்துக்கு 18,000 சுற்று சுற்றும்போது நொடிக்கு 1,500 வெடிப்பு. காது அதை வெடிப்பாகக் கேட்காது, ஒரு சுரமாகக் கேட்கும். அதற்கு நேர் எதிர்முனை ஃபியட் எஸ்76. 1911-ல் வேகச் சாதனைக்காகவே கட்டியது, வெறும் நான்கு சிலிண்டர், ஆனால் 28 லிட்டருக்கும் மேல். ஒரு சிலிண்டருக்கு ஏழு லிட்டர்! பல ஆண்டுகள் உழைத்து மீட்டெடுத்து, 2014-ல்தான் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். மறு ஆண்டே குட்வுட்டில் ஓடியது. மெதுவாகச் சுற்றும்போது ஒவ்வொரு வெடிப்பையும் தனித்தனியாக எண்ணலாம். பக்கவாட்டுப் புகைக்குழாய்களிலிருந்து தீ நாக்கு நீட்டும். தீ நான் பார்த்தது. அண்ணன், "தரை அதிருது, கையை வச்சுப் பாரு" என்றார். வைத்தேன். புல்லுக்கு அடியில் மண் துடித்தது. ஒலிப்பதிவில் இது கிடைக்குமா? நல்ல ஒலிபெருக்கி வாங்கியும் கேட்டிருக்கிறோம், கிடைக்கவில்லை.

'ஓட்டாமல் வைத்தால் பத்திரம்' என்பதும் பாதி உண்மைதான். ஓடாத வண்டியில் ரப்பர் காயும், பெட்ரோல் டேங்க் அரிக்கும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. கார்களைத் தயார்செய்யும் கொட்டகைகளுக்குள் பார்வையாளர்களும் போகலாம். அங்கே ஒரு ஃபார்முலா 1 வி10-ஐ எழுப்புவதைப் பக்கத்தில் நின்று கேட்டோம். குளிர்ந்த நிலையில் அந்த இன்ஜின் சுழலவே மறுக்கும், உள்ளே இடைவெளிகள் அவ்வளவு நெருக்கம். வெளியிலிருந்து வெந்நீரைச் செலுத்திச் சூடேற்றி, பொறுமையாகக் காத்திருந்து, பிறகுதான் ஸ்டார்ட் செய்கிறார்கள். காதில் பஞ்சடைப்பான் இருந்தும் விலா எலும்பு வழியே சத்தம் உள்ளே வந்தது. (பஞ்சடைப்பான் கட்டாயம் வேண்டும், அண்ணனே வலியுறுத்திப் போடவைத்தார்.) எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எந்தச் சத்தம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அந்த மெக்கானிக்குகளின் கையிலும் காதிலும் இருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டால் அந்த அறிவுக்கும் வேலை இல்லை. இருபது ஆண்டு கழித்து ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டால் எழுப்பத் தெரிந்தவர் இருக்க மாட்டார்.

ஆபத்து பற்றிக் கட்டுரையாளர் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2000-ல் அதே மேட்டில் ஓட்டுநர் ஒருவரும் பாதையோரப் பாதுகாப்புப் பணியாளரான மார்ஷல் ஒருவரும் இறந்தார்கள். ஃபார்முலா 1 கார்களுக்கு இப்போது அங்கே நேரக் கணக்கு கிடையாது, சும்மா ஓட்டிக் காட்டுவதோடு சரி. அது சரியான முடிவு. வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், தடுப்பை உயர்த்தச் சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஓட்டவே கூடாது என்பது வேறு.

மின்சாரக் கார்கள் வந்தபின் இந்த ஏக்கமெல்லாம் எதற்கு என்றும் ஒரு வரி இருந்தது. அண்ணனுக்கு மின்சாரத்தின் மேல் பகை இல்லை. 1999-ல் ஓட்டுநர் நிக் ஹைட்ஃபெல்ட் மெக்லாரன் ஃபார்முலா 1 காரில் 41.6 நொடியில் ஏறிய அதே மேட்டை, 2022-ல் மக்மர்ட்ரி என்ற சிறிய மின்சாரக் கார் 39.08 நொடியில் ஏறியது. ஓட்டியவர் மேக்ஸ் சில்டன். அடியில் இருக்கும் விசிறிகள் காற்றை உறிஞ்சி வண்டியைத் தரையோடு பிடித்துக்கொள்ளும். ஒளிபரப்பில் அந்த விசிறிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இது வேற மிருகம், நேர்ல கேக்கணும்" என்றுதான் சொன்னார். ஒரு புதுக் குரல் வந்தால் பழைய குரலை அடக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்த மாதிரி விழாக்களுக்குப் போய்ப் படம் பிடிப்பவர்கள் தயவுசெய்து அதன்மேல் பாட்டைப் போட்டு நிரப்பாதீர்கள். எங்கள் வீட்டில் எத்தனையோ காணொளிகளை ஆசையோடு திறந்து, முதல் நொடியிலேயே மூடியிருக்கிறோம். காரின் குரலை அப்படியே விடுங்கள். எழுதுபவர்களும் 'கண்ணுக்கு விருந்து' என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடாமல் காதுக்கும் மூக்குக்கும் கைக்கும் என்ன கிடைத்தது என்று எழுதினால் என் அண்ணனைப் போன்றவர்களும் படிப்பார்கள். நான் வாசித்துக் காட்டுவேன்.

மூக்கு என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கொட்டகையில் 1920-களைச் சேர்ந்த ஒரு கார் அருகே போனதும் அண்ணன் நின்றுவிட்டார். "ஆமணக்கெண்ணெய்!" ஆமாம், அந்தக் காலப் பந்தய இன்ஜின்களுக்கு ஆமணக்கெண்ணெய் கலந்த மசகெண்ணெய்தான். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. வயதான உரிமையாளர் எங்களைக் கவனித்துவிட்டு வந்தார். அண்ணனின் கையைப் பிடித்து இன்ஜின் மூடியின் மேல் வைத்தார். குறுக்கே இறுக்கிக் கட்டிய தோல் பட்டை, அதன் கொக்கி, காற்று போகும் கீற்றுகள், ஆணித்தலைகள் என்று ஒவ்வொன்றாக விரல் நகர்ந்தது. ஒரு ஆணித்தலை மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக இருக்கிறதே என்று அண்ணன் கேட்க, அது எப்போதோ அடிபட்டு மாற்றியது என்றார் அந்தப் பெரியவர். அதே வண்டி மாலையில் மேடேறித் திரும்பி வந்து அணைந்தபோது நாங்கள் மறுபடி அங்கே இருந்தோம். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. சூடான புகைக்குழாய் ஆறும்போது 'டிக்... டிக்...' என்று சொடுக்கும் அல்லவா, அதைக் கேட்டுக்கொண்டு அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். சத்தங்களுக்கு இடையே இடைவெளி நீண்டுகொண்டே போய், கடைசிச் சொடுக்கும் அடங்கும்வரை எழுந்திருக்கவில்லை. பெரியவரும் கதவைச் சாத்தாமல் பக்கத்திலேயே நின்றார்.

இப்படிக்கு,
ஒரு நெடுநாள் வாசகி