பேட்டைக் காபிக் கடைக்கும் பேக்கரிக்கும் ஒரு மூலை ஒதுக்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், சென்னையில் காபி குடிக்கப் போகவேண்டிய பத்து இடங்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். பத்தில் எட்டு நுங்கம்பாக்கம், ஆழ்வார்பேட்டை, ஈ.சி.ஆர். பக்கம், வடசென்னையில் ஒன்றுகூட இல்லை. அந்தக் கடைகள்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது, அவற்றில் இரண்டுக்கு மகளோடு போயிருக்கிறேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சென்னை என்று தலைப்புக் கொடுத்துவிட்டு வேப்பேரி, பெரம்பூர், திருவல்லிக்கேணி, மேற்கு மாம்பலம் எதையும் தொடாமல் விட்டது எனக்கு வருத்தமாக இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். அப்போதிருந்து சனிக்கிழமை காலை ஒரு பேட்டை என்று வைத்துக்கொண்டு, மின்சார ரயிலிலோ பறக்கும் ரயிலிலோ போய் இறங்கி நடக்கிறேன். போனில் தேடிப் பார்த்துவிட்டுப் போவதில்லை. மாம்பலம் ஸ்டேஷனில் மேற்குப் பக்கம் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் காபிக்கொட்டை அரைக்கிற வாசனையே கடைக்குக் கூட்டிப் போய்விடும். அங்கே காலையில் நின்று பாருங்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது: காபிக்கொட்டை வகைகளில் பீபெரி பாதி, பிளான்டேஷன் ஏ பாதி, அதோடு சிக்கரி இருபது சதவீதம். இன்னொருவர் வந்து சிக்கரியே வேண்டாம் என்பார். அரைப்பவர் எழுதிக்கூட வைத்துக்கொள்வதில்லை, முகத்தைப் பார்த்ததும் கொட்டையை அளந்து போடுகிறார்.

சிக்கரியைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அது ஒரு செடியின் வேர், குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைவது, வறுத்து அரைத்துச் சேர்த்தால் டிகாக்‌ஷன் கெட்டியாகவும் கறுப்பாகவும் இறங்கும். அளவோடு இருந்தால் அதில் தப்பே இல்லை, கள்ளிச்சொட்டு மாதிரி என்று நாம் சொல்கிற காபிக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் சிக்கரி கலந்த தூள் என்றால் அதில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், எது எவ்வளவு என்று பாக்கெட்டில் போட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) ‘சுத்தக் காபி’ என்று சொல்லிக் கொடுத்த தூளை வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தூவிப் பார்த்தேன், பாதிக்கு மேல் உடனே நிறம் விட்டுக்கொண்டு அடியில் போய்விட்டது. காபித்தூள் கொஞ்ச நேரம் மிதக்கும், சிக்கரி சட்டென்று இறங்கும். காபியைப் பற்றி எழுதுகிறவர்கள் இதையும் எழுத வேண்டும் இல்லையா? கோப்பையின் படத்தை மட்டும் போட்டால் எங்களுக்கு என்ன தெரியும்?

அப்புறம் பேக்கரிகள். எழும்பூரில் இறங்கி பூந்தமல்லி நெடுஞ்சாலையைத் தாண்டினால் வேப்பேரி. அங்கே இருக்கும் ஸ்மித் ஃபீல்ட் பேக்கரி 1885-ல் ஆரம்பித்தது. மெக்ரெனெட் 1903. இந்த ஊரில் ரொட்டி சாப்பிடுவது காய்ச்சல்காரர்களுக்கு மட்டும் என்று இருந்த காலத்திலேயே, வேப்பேரி, பெரம்பூர் பக்கம் ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களுக்கு ரொட்டியும் பன்னும் அன்றாடச் சாப்பாடு. பெரிய வெள்ளிக்குச் சிலுவைக் கோடு போட்ட பன், கிறிஸ்துமஸுக்குப் பிளம் கேக் எல்லாம் அந்த வீடுகளிலிருந்துதான் எங்கள் தெருவுக்கு வந்தன. நான் பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவள், டிசம்பரில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி அனுப்புகிற கேக்குக்காகக் காத்திருப்போம், பொங்கலுக்கு எங்கள் வீட்டிலிருந்து கரும்பும் சர்க்கரைப் பொங்கலும் அங்கே போகும். அந்தக் குடும்பங்களில் நிறையப் பேர் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டார்கள். பன் இங்கேயே இருக்கிறது.

பழைய பேக்கரிகளில் விறகடுப்பு எப்படி வேலை செய்கிறது என்று யாராவது ஒரு நிருபர் ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்த்து எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அடுப்புக்குள்ளேயே விறகை எரித்து, செங்கல் முழுக்கச் சூடேறியதும் தணலை வாரி ஓரம் தள்ளிவிட்டு, அந்தச் சூட்டிலேயே முதலில் ரொட்டி, சூடு இறங்க இறங்கக் கேக், பிஸ்கட், கடைசியில் ரஸ்க் என்று நீளமான மரத் துடுப்பால் உள்ளே தள்ளி எடுப்பார்கள். தெர்மாமீட்டர் இல்லை, கையை நீட்டிப் பார்த்துச் சூட்டைச் சொல்வார்கள். அந்த வேலை தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டு வருகிறது.

திருவல்லிக்கேணியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, 1948-லிருந்து இருக்கும் ரத்னா கபேயின் சாம்பார் இட்லி எல்லோருக்கும் தெரியும். அதைத் தாண்டி மேன்ஷன் (வாடகை அறை விடுதி) சந்துகளுக்குள் போங்கள், ஊரை விட்டு வேலை தேடி வந்த பையன்கள் காலையில் ஒரு காபியும் ஒரு பன்னும் வைத்து வயிற்றைச் சமாளிக்கிற கடைகள் அங்கே இருக்கின்றன.

எந்தப் பட்டியலிலும் வராத ஒரு விஷயம், எனக்கு முக்கியமானது. டீக்கடை வாசலில் ஏழெட்டு ஆண்கள் சிகரெட்டோடு நிற்கும்போது ஒரு பெண் தனியாகப் போய் நின்று குடிப்பது இன்றும் சுலபமில்லை. கேட்டால் மரியாதையாகவே கொடுப்பார்கள், ஆனால் டம்ளரை வாங்கிக்கொண்டு எங்கே நிற்பது என்று தெரியாது. பேக்கரி அப்படியில்லை. பிள்ளைக்கு முட்டை பப்ஸ் வாங்க வருகிற அம்மாக்கள், டியூஷன் விட்டு வருகிற பெண் பிள்ளைகள், பக்கத்துத் துணிக்கடையில் நாளெல்லாம் நின்று கால் வலித்து வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் கண்ணாடி அலமாரி முன்னால் கூச்சமில்லாமல் நிற்கிறார்கள். ஏ.சி. கடையில் நாம் கொடுக்கிற 250 ரூபாய், காபிக்கு மட்டும் இல்லை, ஒரு நாற்காலிக்கும் கழிப்பறைக்கும் சேர்த்துத்தான். 25 ரூபாய் காபிக் கடையில் அவ்வளவும் கேட்க முடியாது, சரி, ஒரு பெஞ்சு போடலாம் அல்லவா? போட்டிருக்கிறவர்களைப் பேர் சொல்லிப் பாராட்டுங்கள்.

நான் கேட்பது இதுதான். வாரம் ஒரு பேட்டை, கால் பக்கம் போதும். எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும், எத்தனை மணிக்கு என்ன சூடாகக் கிடைக்கும், விலை என்ன, உட்கார இடம் உண்டா, தனியாக வருகிற பெண்கள் நிம்மதியாகச் சாப்பிட முடியுமா, பக்கத்தில் பொதுக் கழிப்பறை இருக்கிறதா. சாலை வேலைக்காக வாசலில் தகரம் அடைத்து மாதக்கணக்கில் வியாபாரம் படுத்துப்போன கடைகள் சிலவற்றைப் பார்த்தேன், முதலில் அவற்றை எடுத்துக்கொண்டால் அவர்களுக்கும் உதவியாக இருக்கும்.

நிருபர் யாராவது வருவதானால் வேப்பேரியையும் பெரம்பூரையும் நான் கூடவே நடந்து காட்டுகிறேன். சனிக்கிழமை என்றால் வசதி, காலை ஏழு மணிக்குள் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை