ஆப் கணக்கைச் சம்பளக் கணக்காக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி திறக்கும் மாதங்களில் கடலூர் பேருந்து நிலையப் பக்கமும் புதுச்சேரி நேரு வீதியிலும் ஆப் வழியாக வங்கிக் கணக்கு திறந்துகொடுக்கும் ஆட்கள் குடை விரித்து உட்கார்ந்து, 'அஞ்சே நிமிஷத்தில் ஜீரோ பேலன்ஸ் கணக்கு, கார்டு இலவசம்' என்று கூப்பிடுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் கணக்கு திறப்பது உண்மைதான். திறந்தது எந்த வகைக் கணக்கு என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. கைச்செலவுக்கு இரண்டாவது கணக்காக இவை நல்லவை. சம்பளமும் கரும்புப் பணமும் வந்து விழும் முதல் கணக்காக இவற்றை வைத்துக்கொள்வது சரிப்படாது. வங்கி வேலையில் காலம் கழித்தவர்கள் என்ற முறையில் இது எங்கள் கணிப்பு.

கிளையே இல்லாத ஆப் வங்கி என்று தனி உரிமம் எதையும் ரிசர்வ் வங்கி தந்ததில்லை. ஆப்பின் பெயர் ஒன்றாக இருக்கும், பணம் கிடக்கும் வங்கி வேறொன்றாக இருக்கும். கண்டுபிடிக்க எளிய வழி, ஒவ்வொரு வங்கிக் கிளைக்கும் உள்ள ஐஎஃப்எஸ்சி குறியீடு. பதினோரு எழுத்துகளில் முதல் நான்கு வங்கியின் பெயரைச் சொல்லிவிடும். ஆப்பில் கணக்கு எண் இருந்து ஐஎஃப்எஸ்சி எங்கும் தென்படவில்லை என்றால், அது கணக்கே அல்லாத, செலவுக்குப் பணம் போட்டுவைக்கும் வெறும் வாலட்டாக இருக்கலாம். வாலட்டில் கிடக்கும் பணத்துக்கு வைப்புத்தொகைக் காப்பீடு கிடையாது. வங்கிக் கணக்காக இருந்தால் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி 4 முதல் இந்த வரம்பு. ஆனால் அது ஆளுக்கு ஒரு வங்கிக்கு என்ற கணக்கு. மஞ்சக்குப்பம் கிளையில் 5 லட்சத்துக்கு டெபாசிட் போட்டவர், அதே வங்கியை முதுகில் வைத்து ஓடும் ஆப்பில் இன்னொரு 2 லட்சம் வைத்தால் மொத்தம் 7 லட்சத்துக்கும் காப்பு அதே 5 லட்சம்தான்.

இனி அந்த ஐந்து நிமிடத்துக்கு வருவோம். ஆதாருக்கு வரும் ஓடிபி ஒன்றை மட்டும் வைத்துத் திறக்கும் கணக்கு முழுக் கணக்கு அல்ல. அதில் இருப்பு 1 லட்சத்தைத் தாண்டக்கூடாது. ஒரு நிதியாண்டில் உள்ளே வரும் பணம் மொத்தம் 2 லட்சத்தைத் தாண்டக்கூடாது. ஓராண்டுக்குள் முழு கேஒய்சி (ஆளையும் ஆவணங்களையும் வங்கி சரிபார்ப்பது) முடிக்காவிட்டால் கணக்கை மூடவேண்டும். இதில் மக்கள் கோட்டை விடுவது அந்த 2 லட்சத்தில். எடுத்துச் செலவழித்தாலும் அது குறையாது, வந்த பணத்தைத்தான் கூட்டுவார்கள். மாதம் 20,000 ரூபாய் சம்பளக்காரருக்கு ஏப்ரலில் தொடங்கினால் ஜனவரியோடு வரம்பு நிறைந்துவிடும். பிப்ரவரிச் சம்பளம் கணக்கில் ஏறாதபோதுதான் விஷயமே தெரியவரும். பண்ருட்டியில் முந்திரி, பலா வாங்கி விற்பவர்களுக்கு ஒரே வாரம் போதும்.

ஆகவே ஆப் கேட்காவிட்டாலும், வங்கி அலுவலர் வீடியோ அழைப்பில் சரிபார்க்கும் வீடியோ கேஒய்சியை நாமே கேட்டு முடித்துவிட வேண்டும். பகல் வெளிச்சத்தில், அசல் பான் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். கடையில் அச்சடித்து வாங்கிய இ-பான் தாளைக் காட்டினால் ஏற்கமாட்டார்கள். லொகேஷனை ஆன் செய்திருக்க வேண்டும். ஆள் இந்தியாவுக்குள் இருக்கிறாரா என்று பார்ப்பது விதி. பாதியில் லைன் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது, முதலிலிருந்துதான். சிக்னல் தடுமாறும் வீட்டுக்குள்ளிருந்து முயல்வதைவிட மொட்டை மாடிக்குப் போவது மேல்.

படிவத்தில் ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருக்கும் இரண்டு கட்டங்களைக் கவனியுங்கள். ஒன்று, அரசு மானியம் இந்தக் கணக்குக்கு வர ஆதாரை இணைக்கச் சம்மதம் என்பது. ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு இணைந்ததோ அங்கேதான் காஸ் மானியமும் நூறு நாள் வேலைக் கூலியும் போகும். 'கூலி ஏறலை' என்று பழைய பாஸ்புக்கோடு அலைகிறவர்களில் பலருக்குக் காரணம் இந்த ஒரு டிக். எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்பதை மைஆதார் தளத்தில் ஓடிபி போட்டுப் பார்க்கலாம். இன்னொன்று, 'வேறு நாட்டில் வரி கட்டுபவன் அல்ல' என்ற உறுதிமொழி. மற்ற ஊர்களில் இதைப் படிக்காமல் கடந்துபோகலாம். பாதிக் குடும்பம் பிரான்ஸில் இருக்கும் புதுச்சேரியில் முடியாது. பிரான்ஸில் வரி கட்டுபவர் அந்த டிக்கை அப்படியே விட்டுவைப்பது பொய் உறுதிமொழி. வேலைக்காகப் போய் அங்கேயே தங்கியவர் சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றியாக வேண்டும்.

வட்டி விளம்பரத்தில் '7 சதவீதம் வரை' என்று இருந்தால் 'வரை' என்ற சொல்லைத்தான் பெரிதாகப் படிக்க வேண்டும். 1 லட்சம் வரையிலான இருப்புக்கு ஒரு வங்கி எல்லாருக்கும் ஒரே விகிதம்தான் தரவேண்டும். அதற்கு மேல்தான் படிப்படியாக மாற்றலாம். அந்த 7 பெரும்பாலும் மேல் படியில்தான் இருக்கும். சரி, 7 சதவீதமே கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். சராசரியாக 15,000 ரூபாய் வைத்திருப்பவருக்கு 3 சதவீதத்தில் ஆண்டுக்கு 450, 7 சதவீதத்தில் 1,050. வித்தியாசம் மாதத்துக்கு 50 ரூபாய். இப்போது ஏடிஎம் பக்கம் வாருங்கள். சொந்த ஏடிஎம் இல்லாத வங்கியின் கார்டுக்கு எந்த ஏடிஎம்மும் அடுத்த வங்கி ஏடிஎம்தான். கடலூர், புதுச்சேரி போன்ற ஊர்களில் மாதம் 5 முறை இலவசம். சென்னைக்குள் 3 முறைதான். இருப்பு பார்ப்பதும் அந்த எண்ணிக்கையில் சேரும். அதற்கு மேல் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரை வாங்கலாம், 2025 மே 1 முதல். கூடுதலாக இரண்டு முறை எடுத்தால் 18 சதவீத ஜிஎஸ்டியோடு 54 ரூபாய் 28 காசு. கூடுதல் வட்டி மொத்தமும் அங்கேயே காலி.

கார்டு விஷயத்தில் ஆப் வங்கிகள் உண்மையிலேயே முந்தி நிற்கின்றன, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். புதிதாகக் கொடுக்கும் எந்தக் கார்டும் இந்திய ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டுமே வேலை செய்யும்படி வரவேண்டும். ஆன்லைன், வெளிநாடு, பின் நம்பர் இல்லாமல் மெஷினில் தட்டிக் கட்டுவது மூன்றையும் வாடிக்கையாளர்தான் திறந்துகொள்ள வேண்டும் என்பது 2020 அக்டோபர் 1 முதல் எல்லா வங்கிக்கும் பொது விதி. பழைய வங்கிகளின் ஆப்பில் அந்த சுவிட்சைத் தேடி நாலு மெனுவுக்குள் போகவேண்டும். இவற்றில் கார்டு படத்தைத் தொட்டதும் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தினசரி வரம்போடு. வெளிநாட்டை மூடியே வையுங்கள். ஆன்லைனைத் தேவைப்படும்போது திறந்து, வாங்கி முடித்ததும் மூடுங்கள். தட்டிக் கட்டும் வசதியில் 5,000 ரூபாய் வரை பின் நம்பர் கேட்காது. பெரிய மார்க்கெட் நெரிசலில் கார்டு தொலைந்தால் எடுத்தவருக்கும் கேட்காது. வரம்பை 500-க்கு இறக்கிவைத்தால் போதும்.

பூட்டுப் பொத்தானைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. கார்டைப் பூட்டினால் கார்டு மட்டும்தான் நிற்கும். யுபிஐ கணக்கிலிருந்து நேராகப் போவது, அது நிற்காது. போனும் கார்டும் சேர்ந்து தொலைந்தால் முதலில் சிம்மை முடக்கி, வங்கிக்கு போன் செய்து யுபிஐயையும் நிறுத்தச் சொல்லவேண்டும். கார்டு மேல் எண்ணே அச்சடிக்காமல் ஆப்புக்குள் வைத்திருப்பது நல்ல ஏற்பாடு. பெட்ரோல் பங்க்கில் யாரும் படம் எடுக்க முடியாது. ஆனால் கார்டை முடக்கும் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். அதுவும் ஆப்புக்குள்ளேயே இருந்தால் போன் தொலைந்த அன்று எதைப் பார்ப்பீர்கள்?

பிரான்ஸுக்குப் போய்வருபவர்களுக்கு ஒரு கணக்கு. வெளிநாட்டில் தேய்த்தால் மாற்றுக் கட்டணம் 3.5 சதவீதம் போடும் கார்டில் 20,000 ரூபாய்க்கு 700, ஜிஎஸ்டி 126, ஆக 826 ரூபாய் போகும். இதை முழுக்கத் தள்ளுபடி செய்யும் ஆப் கார்டுகள் இருக்கின்றன. அதற்காகவே ஒன்று வாங்கினாலும் தப்பில்லை. ஆனால் அங்கே மெஷின் திரையில் 'ரூபாயிலா, யூரோவிலா' என்று கேட்கும்போது ரூபாயைத் தொட்டுவிட்டால் அந்த ஊர் மெஷின்காரர் வைத்த விலையில் மாறிவிடும், தள்ளுபடி பயனற்றுப் போகும். யூரோவைத்தான் தொடவேண்டும்.

பணம் திருடுபோனால் என்ன ஆகும்? ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, தவறு வங்கியிடமும் இல்லாமல் நம்மிடமும் இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்து, தகவல் வந்த நாளை விட்டு 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டமில்லை. 4 முதல் 7 வேலை நாளுக்குள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு நம் பங்கு 10,000 ரூபாய் வரை. ஓடிபியை நாமே சொல்லியிருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரை போனதெல்லாம் நம் தலையில். இதில் ஒரு நுணுக்கம்: வேலை நாளை எண்ணுவது நம் கணக்கு இருக்கும் கிளையின் காலண்டர்படி. ஆப் கணக்கின் கிளை மும்பையில் இருந்தால், மாட்டுப் பொங்கலுக்கும் புதுச்சேரியின் ஆகஸ்ட் 16 விடுமுறைக்கும் அங்கே வங்கி திறந்திருக்கலாம். விடுமுறை முடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே ஆப்பில் புகார் பதிந்து எண்ணை வாங்கிக்கொண்டு, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் சொல்லிவிட வேண்டும். ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தால் 5 நாளுக்குள் திரும்ப வரவேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய், கேட்காமலே தரவேண்டியது. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. வழி கேட்க 14448.

எங்கள் கரையோரத்துக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல். மின்சாரம் போய், டவரும் படுத்த பிறகு ஆப்பைத் திறக்க வழியில்லை. அந்த நாளில் பாஸ்புக்கையும் கையெழுத்தையும் பார்த்துப் பணம் தர, முகம் தெரிந்த கிளை ஒன்று வேண்டும். புயல் எச்சரிக்கை வந்ததும் கொஞ்சம் ரொக்கம் எடுத்து வைப்பதையும் ஆப் மாற்றிவிடவில்லை. சாதாரண நாளில்கூட போன் மாற்றினால் அதே சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போனால்தான் ஆப் மறுபடி இணையும். முதல் 24 மணி நேரம் யுபிஐ வரம்பு 5,000 ரூபாய். மருத்துவமனைக் கட்டணம் கட்டும் நாளில் புதுப் போன் வாங்காதீர்கள்.

நாமினியை ஆப் 'பிறகு' என்று தாண்டவிடும், தாண்டாதீர்கள். 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை பங்கு பிரித்துப் போடலாம்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய ஆப்களின் விளம்பரம் உங்கள் பக்கங்களில் வரும்போது, பின்னால் நிற்கும் வங்கியின் பெயரையும், அது எந்த வகைக் கணக்கு என்பதையும், ஆப்பின் பெயர் இருக்கும் அதே அளவு எழுத்தில் தமிழில் போடச் சொல்லிக் கேட்கலாம். இப்போது அது அடியில் கடுகு எழுத்தில், ஆங்கிலத்தில் வருகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள் சிலர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.